'அரச மதம்' என்ற சொல் இலங்கையின் அரசியல் யாப்பில் இல்லை
தம்பி, '1948 முதலே பௌத்தம்தான் அரச மதம், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சட்டத்தில் இடமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பிழை. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையே தடுத்தது. 1972 யாப்பில்தான் பௌத்தத்துக்கு முதன்மை வந்தது. சரி, 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையைத் தமிழிலேயே எடுத்து வாசியுங்கள். 'முதன்மைத் தானம்', அதாவது முதலிடம், என்றிருக்கும், 'அரச மதம்' என்று இராது. எல்லா மதங்களுக்கும் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் மத, வழிபாட்டு உரிமைகளும் அதே வசனத்தில் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. அந்த முதன்மையிலேயே எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. ஆனால் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்தில் முழுகுகிறவருக்கும் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகிறவருக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. அதை இல்லையென்று நாமே சொல்லிவிட்டு, நாளைக்கு ஒரு கோயில் காணிப் பிரச்சினை வந்தால் எதைக் காட்டிக் கேட்பது?