சனிக்கிழமை ராத்திரி வைத்த மீன்குழம்பு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சோறு வடிப்பதோடு அடுப்பு வேலை முடிந்தது. குழம்பு சனிக்கிழமை ராத்திரியே வைத்தது. புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கி, மறுநாள்தான் அதற்கு ருசியே வரும் என்று கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மாதமாக இப்படித்தான். ஞாயிறு அதுவுமாகக் கறி எடுக்காமல் இது என்ன புதுப்பழக்கம் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வலையை உதறிக் காயப்போட்டால், திங்கள் விடியும்வரை தொடமாட்டார். ஞாயிறு கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. சின்ன வயதில், அது கிறிஸ்தவக் கோயிலில் நடக்கும் ஞாயிறு பூசைக்காக விட்ட லீவு என்றுதான் நினைத்திருந்தேன். பூசை முடிந்ததும் கடமையும் முடிந்தது என்ற நினைப்பு பெரியவனான பிறகும் மாறவில்லை.

நண்டுக்கு விலை ஏற ஏற அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஞாயிறும் நண்டு எடுக்க வண்டி வரும் என்று, அதை வாங்கும் கம்பெனியில் சொன்னதும் நானும் இறங்கிவிட்டேன். படகுக் கடன் இருந்தது. பதினொரு வாரம், காற்றடித்த நாள் தவிர ஒரு நாள் விடவில்லை. ஒரு விடியற்காலை, சுக்கானைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். படகு பாரில், அதாவது கடலடிப் பாறையில், ஏறி நின்ற சத்தத்தில்தான் கண் விழித்தேன். அடிப்பலகை பிளந்து, வலையில் பாதி போய்விட்டது. ஆண்டவர் கிருபை, உயிர் போகவில்லை.

ஆனால் என்னை மாற்றியது அது இல்லை. அன்று மிச்ச வலையைக் கரையில் போட்டு என் மனைவி நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவள் விரல்களைச் சரியாகப் பார்த்தேன். நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. நண்டு ஓடு கீறிய கோடுகள், பழசின் மேல் புதுசு. வலது கட்டைவிரலில் ஒரு வெடிப்பு, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. உப்புத்தண்ணீர் படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். “வலிக்கலையா?” என்றேன். “ஒரு நாள் தண்ணியில கை வைக்காம இருந்தா ஆறிடும்” என்றாள்.

ஒரு நாள். பதினொரு வாரத்தில் அந்த ஒரு நாளை நான் கொடுக்கவில்லை.

ஓய்வுநாள் கட்டளை பைபிளில் இரண்டு இடத்தில் வருகிறது. விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரத்தில், கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்று காரணம். இணைச் சட்டம் 5-இல் காரணமே வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே. உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்வெடுக்கட்டும். மகன், மகள், மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறது. மனைவி என்ற சொல் மட்டும் அதில் கிடையாது. ‘நீ’ என்பதிலேயே அவளும் அடக்கம் என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் பெண்களுக்கு முதுகு ஒடிகிற நாள். வார அழுக்குத்துணி, கறி, மசாலா, வருகிற விருந்தாள். ஆம்பளைகள் பூசை முடித்து வந்து சாப்பிட்டுத் தூங்குகிறோம். இதற்கு ஓய்வுநாள் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

“மச்சான், வட்டிக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை உண்டா?” என்று என் மாமா மகன் கேட்டான். நியாயமான கேள்வி. காற்று, எரிபொருள் விலை, இலங்கைக் கடற்படை பயம் என்று ஏற்கெனவே எத்தனையோ நாள் போகிறது. அவனுக்கு நான் காட்டியது மன்னா கதை. எகிப்திலிருந்து மோசே கூட்டிவந்த மக்களுக்குப் பாலைவனத்தில் கடவுள் கொடுத்த உணவுதான் மன்னா. அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. மறுநாளைக்கென்று சேர்த்து வைத்ததில் புழு பிடித்தது. ஆறாம் நாள் மட்டும் இரட்டைப் பங்கு, அது கெடவில்லை. ஏழாம் நாளுக்கு வேண்டியதை முந்தின நாளே அவித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மோசே சொன்னார். ஏழாம் நாளும் தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றாடம் கிடைப்பதை நம்பி வாழ்கிற நமக்கு இதைவிட நெருக்கமான கதை பைபிளில் உண்டா? எங்கள் சனிக்கிழமைக் குழம்பு அங்கிருந்து வந்ததுதான்.

கடலுக்கே ஓய்வு தேவை என்று நமக்குத் தெரியும். மீன் பெருகட்டும் என்று எங்கள் பக்கம் வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு கொடு என்கிறது பைபிளில் லேவியர் 25. மீன் குஞ்சுக்குக் கொடுக்கிற அவகாசத்தை வலை இழுக்கிற கைக்கும் கொடுக்கவேண்டாமா? இதில் விசைப்படகில் போகும் நம் பிள்ளைகள் பாடுதான் கஷ்டம். எங்கள் பக்கம் அவர்கள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி என்று முறை. சனிக்கிழமை போனவன் ஞாயிறு காலையில்தான் கரை ஏறுவான். நாம் பூசையில் இருக்கும்போது அவன் மீன் இறக்கிக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை என்று ஞாயிறு கடலுக்குப் போகிறவரையும் நான் பேசமாட்டேன். பசித்த சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் பறித்ததை இயேசு குற்றம் பிடிக்கவில்லை. ஓய்வுநாள் மனிதனுக்காக, மனிதன் ஓய்வுநாளுக்காக இல்லை என்று அவர் சொன்னதும் அப்போதுதான். ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று அட்வென்டிஸ்ட் சபை நண்பர்கள் கேட்பார்கள். அவர்கள் சனிக்கிழமையை அனுசரிக்கிற கண்டிப்பைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வருகிறது. என் வருத்தமெல்லாம், அடுத்தவர் கைக்கு ஓய்வு கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் முதல் வரிசையில் முழங்காலில் நிற்கிறோமே என்பதுதான். நானும் அப்படி நின்றவன்.

போன மாதம் நண்டு எடுக்கும் கம்பெனி ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். ஞாயிறு ஒரு நாள் வண்டி அனுப்பாதீர்கள், வண்டி வராவிட்டால் ஊரே வலை விடாது, கழற்றுகிற பெண்களுக்கும் கை ஆறும் என்றேன். என் மனைவி விரலைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பார்க்கலாம் அண்ணே” என்றார். அதற்கப்புறமும் வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன். எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் இதைப் படித்தால், கூட வாருங்கள். காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் நிற்பேன்.