பிளானைக் காட்டுங்கண்ணே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு தட்டு உளுந்து வடையும் ஒரு தாளும் கொண்டு வந்தார். தாள் மலாய் மொழியில் இருந்தது. வேலி ஓரமாக மாடியோடு ஓர் அறை கட்டப் போகிறாராம். அதில் எனக்கு மறுப்பில்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். "பையனுக்குக் கல்யாணம் வருதும்மா, ரூம் பத்தல."

எதுவரைக்கும் வரும் என்று கேட்டேன். கையை நீட்டி வேலியைக் காட்டினார். "இதுவரைக்கும்தான்." சரி, பிளானைக் காட்டுங்கண்ணே என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வடைத் தட்டை வாங்கி வைத்த அம்மா அடுப்படியிலிருந்தே என்னை முறைத்தார்.

அன்று ராத்திரி முழுக்க அதே பேச்சுதான். "பிள்ளைக்குக் கல்யாணம்னு வந்து நிக்கிறாங்க, நீ கோர்ட்டு மாதிரி கேள்வி கேக்குற." அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அங்கே தடுப்புப் பலகை கூரைவரை போகாது. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். வீடும் நிலமும் கம்பெனிக்காரனுடையது. சண்டை வந்தாலும் குழாயடியில்தான் வரும். எல்லைத் தகராறு வர எல்லை என்று ஒன்று இருக்க வேண்டுமே! தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் அமைச்சர் சம்பந்தன், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க, நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, எங்கள் தாத்தாவும் பங்கு வாங்கினார். அப்படி ஒரு சாண் நிலத்துக்கு ஏங்கிய குடும்பம். அதனால் கெரானை, அதாவது நிலப் பட்டாவை, பீரோவில் பூட்டி வைக்கத் தெரியும். அதை எடுத்துப் படித்துப் பார்க்கத்தான் யாரும் பழக்கவில்லை.

நம் மலேசியத் தாமான் குடியிருப்புகளில் பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. வெட்கப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம், சுவர் எழும்பிய பிறகு ஆறு வருடம் பேசாமல் இருக்கிறோம். "பக்கத்து வீட்டில் சைன் வாங்கியாச்சு" என்றால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். அது அனுமதி இல்லை. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் 70-ஆம் பிரிவுப்படி ஊராட்சி மன்றம் எழுத்தில் அனுமதி தந்தால்தான் கட்ட முடியும்.

பிளானில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது? முதலில் அஸ்திவாரம். சுவர் அரை அடிதான் இருக்கும், ஆனால் அதைத் தாங்கும் அடிப்பகுதி மண்ணுக்குள் அதைவிட அகலமாகப் பரவி இருக்கும். சுவரை எல்லைக் கோட்டின் மேலேயே எழுப்பினால், அந்த அடிப்பகுதி நம் மண்ணுக்குள் வந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்து கூரை ஓரம். நம் ஊர் நாலு மணி மழை ஜிங்க் கூரையிலிருந்து எந்தப் பக்கம் கொட்டும்? கூரைத் தண்ணீரை வாங்கும் பீலி எந்த லொங்கானில், எந்த வடிகாலில், போய்ச் சேரும்? அப்புறம் ஜன்னல். மாடி ஜன்னல் என் குளியலறையைப் பார்த்தபடி வந்தால் கல்யாணப் பெண்ணுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

இவ்வளவும் கேட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

அண்ணன் கோபத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூட்டி வந்தார். அவர் ஆட்கள் முன்பக்க எல்லைக் கல்லை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பின்பக்கக் கல் கிடைக்கவில்லை. அளந்து பார்த்து, எங்கள் துணி துவைக்கும் சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். கறிவேப்பிலை மரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு முழ ஆழத்தில் இருந்தது கல். அதாவது எங்கள் வேலிக்கு உள்ளே. அப்பா கண்மட்டத்தில் கயிறு கட்டிப் போட்ட வேலி அது. முன்னால் சரியாக இருந்தது, பின்னால் போகப் போக அவர்கள் நிலத்தில் ஒன்றேகால் அடி வாங்கிவிட்டிருந்தது.

"இருபத்தெட்டு வருஷமா நான் கூட்டிப் பெருக்குற இடம்டி," என்றார் அம்மா. பெருக்கினாலும் நமதாகாது. தேசிய நிலச் சட்டப்படி, அடுத்தவர் பட்டா நிலத்தை எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அனுபவித்த உரிமையில் சொந்தம் கொண்டாட முடியாது. கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நான் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அண்ணன்தான் முதலில் சிரித்தார். "என்னம்மா, உங்க வேலிக்குப் பிளான் இருக்கா?"

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து புதுப் பிளானை விரித்துப் பார்த்தோம். சுவர், அஸ்திவாரம், பீலி எல்லாமே அவர் கோட்டுக்குள் வருகிற மாதிரி வரைந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஜன்னல் இல்லை. எங்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கிற மூன்று விரிசல்களையும் இருவருமாகப் படம் எடுத்தோம். ஒவ்வொரு விரிசலும் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். நாளைக்கு விரிசல் நீண்டால் கோட்டைத் தாண்டித்தானே போக வேண்டும். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். வேலியைப் பிரித்துக் கல்லுக்கு நேராகப் போடுவது என் செலவு.

கறிவேப்பிலை மரம் சரியாக அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் நிற்கிறது. அடுத்த வாரம் வெட்டுகிறார்கள். அம்மா அதன் பக்கக் கன்று இரண்டைப் பெயர்த்து மைலோ டின்னில் நட்டு வைத்திருக்கிறார், எங்களுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று என்று. நேற்றுப் பார்த்தேன், ஒன்று வாடிக் கிடக்கிறது. அது யாருடைய கன்று என்று அம்மா இன்னும் சொல்லவில்லை.