முதல்ல நிழல், பிறகு மற்றதெல்லாம்

பழைய மில் வளவில வரப்போற பூங்காட படத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. "சூப்பர்" எண்டு போட்டவங்களும் நிறையப் பேர். ஆனா செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில நான் கேட்டது அரைகுறையா வெளியில வந்திருக்கு. அதாலதான் எழுதுறன்.

நான் முதல்ல கேட்டது இதுதான். அந்த வளவில நிக்கிற மூண்டு வேம்பும் பூவரசும் படத்தில எங்க? அந்த இடத்தில நீர்த்தாரை, இன்டர்லொக் கல், வரிசையா அழகுக்குப் பாம் மரம். "தம்பி, இது படிச்சவங்க கீறின பிளான்" எண்டு சொல்லிட்டு அடுத்த விசயத்துக்குப் போயிட்டாங்க. சரி, நான் அதெல்லாம் படிக்கல்ல. ஆனா அந்த ஒழுங்கையால நாப்பது வருசமா நடக்கிறன்.

வரண்டு சுடுற கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில, பகல் பதினொரு மணிக்கு, வெறுங்காலோட கல்லில நிண்டு பாருங்க. போன வருசம் வேறொரு பூங்காவில என்ட ஆறு வயசு மருமகள் தகரச் சறுக்கில இருந்த உடனே அலறிக்கொண்டு எழும்பினாள். சட்டை மறைச்ச இடத்துக்குக் கீழ ரெண்டு தொடையும் சிவந்து போச்சு. சுத்திவர ஒரு மரம் இல்ல. எங்கட ஊருக்கு நிழல் இல்லாத பூங்கா வேணாம். முதல்ல நிழல்.

பூங்கா கீறுறதெண்டா காணியில இருந்து தொடங்கவேணும். மில் வளவு பள்ளம். மாரி தொடங்கினா ஜனவரி வரைக்கும் அக்கம்பக்கத்துத் தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் வந்து ஊறுது. அதை உயர்த்தி, கொங்கிறீற்று ஊத்தி, மேல கல் பதிச்சா அந்தத் தண்ணி பின்வீட்டுக் குசினிக்குள்ள போகும். இஞ்சின் அறை இருந்த மூலையில மண் இண்டைக்கும் கறுப்பு, கையில அள்ளினா டீசல் மணக்குது. பிள்ளைகள் விளையாட மணல் கொட்டமுதல் அந்த மண்ணைப் பரிசோதிக்கவேணும். இதையும் சொன்னன். ஒருத்தரும் குறிப்பெடுக்கல்ல.

"வேம்பு இலை கொட்டும், குப்பை" எண்டு எழுதின நண்பருக்கு: கூட்டுங்க. "மரத்துக்குக் கீழ குடிகாரங்க வந்து இருப்பாங்க" எண்டா லைட் போடுங்க, மதிலை இடுப்பளவுக்குக் குறைங்க, றோட்டால போறவங்களுக்கு உள்ள தெரியட்டும். "புதுசா நடுவாங்கதானே" எண்டு கேக்கிறவங்களிலதான் எனக்குக் கோபம். இண்டைக்கு நடுற கண்டு ஒரு கதிரைக்கு நிழல் குடுக்கச் சில வருசம் வேணும். அதுவரைக்கும் வயசானவங்க எங்க இருப்பாங்க? என்னை "அபிவிருத்திக்கு எதிரி" எண்டும் ஒருத்தர் எழுதியிருக்கார். அந்த வளவு பத்தை மண்டிக் கிடந்த காலத்தில, பூங்கா வேணுமெண்டு வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினது நான். அது மனசில கிடந்து குத்துது.

அம்மாக்கு முழங்கால் வருத்தம். சந்தையால வரக்க மில் மதிலோரம், வெளியில சாயிற வேம்புக் கிளைக்குக் கீழ பையை வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா. அம்மா சொல்லுவா, 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடிச்சு விடியக்க, தென்னை எல்லாம் சரிஞ்சு, முத்தத்தில நிண்டு பாத்தா வாவி தெரிஞ்சதாம். முந்தி ஒருநாளும் அங்கிருந்து தெரியாத வாவி. மில்லில இருந்த மரங்களில தப்பினது அந்த ஒரு வேம்புதானாம். மற்ற ரெண்டும் பிறகு நட்டது. முறிஞ்ச இடத்தால தழைச்ச கிளை இப்பவும் முழங்கை மாதிரி வளைஞ்சு நிக்குது.

நீர்த்தாரையைப் பத்தடி தள்ளிக் கீறினா அந்த மரம் நிக்கும். பத்தடிதான். காசு குடுத்துக் கட்டுறதுக்கு முதல், கடதாசியில அழிச்சுக் கீறுறதுக்கு என்ன கஷ்டம்?

அந்த வளைவுக்குக் கீழ இப்ப சிவப்புப் பெயின்ற்றால ஒரு குறி போட்டிருக்கு. நேற்று சந்தையால வந்த அம்மா, பையை இறக்கமுதல் கேட்டா: "மனே, மரத்தில என்ன அது, குறி?"

நான் இன்னும் பதில் சொல்லல்ல.