பூனை லூக்கீமியா கிட்டில் இரண்டு கோடு வந்தால் அது கடைசி முடிவு அல்ல

உப்புவெளித் தெருப்பூனைகளைப் பற்றிய இந்த இழையில், “லூக்கீமியா கிட்டில் இரண்டு கோடு விழுந்தால் நோய் உறுதி, பூனையை ஊசி போட்டு முடிப்பதுதான் வழி” என்று ஒரு கருத்து பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அக்கறையில் எழுதியதுதான், ஆனால் சரியில்லை.

அந்தக் கிட், பூனை லூக்கீமியா வைரஸ் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் விரைவுப் பரிசோதனை. அது இரத்தத்தில் பி27 என்ற வைரஸ் புரதத்தைத் தேடுகிறது. புரதம் இருந்தாலும் தொற்று நிலைத்துவிட்டது என்று ஆகாது. உடல் வைரஸை அடக்கிவிடும் பூனைகளில் அது சில கிழமைகளில் மறைந்துவிடும், சிலவற்றில் 16 கிழமை வரை இழுக்கும். நோய் அரிதாக உள்ள இடத்தில், அறிகுறியில்லாத பூனைக்கு வரும் பாசிட்டிவ்களில் பொய்யானவையும் கணிசமாக இருக்கும். துண்டுச்சீட்டில் உள்ள நேரம் (பெரும்பாலும் 10 நிமிடம்) தாண்டி, பட்டை காய்ந்த பிறகு தெரியும் மங்கல் கோட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

சந்தேகம் என்றால் கிட் பெட்டியிலுள்ள துண்டுச்சீட்டைப் பாருங்கள்: எதைத் தேடுகிறது, எத்தனை நிமிடத்தில் வாசிப்பது என்று இருக்கும். பிறகு மிருக வைத்தியரிடம் இரண்டு கேள்வி: முழு இரத்தத்தில் செய்ததைச் சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர்) திரும்பச் செய்யலாமா? உறுதிப்படுத்த பிசிஆருக்கு (வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வுகூடப் பரிசோதனை) மாதிரி அனுப்ப முடியுமா?

முடிவு வரும்வரை அந்தப் பூனையைத் தனி அறையில், தனிக் கோப்பையோடு வையுங்கள். வைரஸ் முக்கியமாக எச்சிலில்தான் பரவும்.