முதலில் நோட்டை எடுங்கள், பிரஷ்ஷை அப்புறம் எடுக்கலாம்

கிராமத்துச் சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று நாலு பேர் கிளம்பினால் எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வரும். காரணம், நானே செய்த தப்பு. பல வருடங்களுக்கு முன்னால் நண்பர்கள் சேர்ந்து, கறுத்துப் போயிருந்த ஒரு பளிங்குக் கல்லில் ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். பளிச்சென்று வெளுத்தது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டால் கரையும் என்று பள்ளியிலேயே படித்திருந்தும் அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்த் தொட்டால் சர்க்கரை மாதிரி துகள் விரலில் ஒட்டியது. இறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் இல்லை. தேய்ப்பதற்கு முன்னால் அதை நாங்கள் எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். கல் அழுக்காகவே இருக்கட்டும், முதலில் பதிவேடு எழுதுங்கள்.

பெரிய நகரத்துக் கல்லறைகளுக்கு அலுவலகம், ரசீது, வரைபடம் எல்லாம் இருக்கும். சின்ன ஊரில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்பது இரண்டு மூன்று வயதானவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது, அவர்களும் போய்விட்டால் மிச்சம் இருப்பது கல்லில் உள்ளது மட்டுமே. அதையும் குறைத்து மதிக்க வேண்டாம். 1918, 1919 என்று தேதி போட்டு, இருபது, முப்பது வயதில் இறந்தவர்களின் கற்கள் அடுத்தடுத்து நின்றால், இளவயதுக்காரர்களைக் குறிவைத்ததுபோல் கொன்ற, அப்போது உலகமெங்கும் பரவிய இன்ஃபுளுயன்ஸா காய்ச்சலாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். தாயின் கல்லிலும் பக்கத்துச் சின்னக் கல்லிலும் ஒரே வாரத்துத் தேதி இருந்தால், பிரசவமோ என்று மனசு கேட்கும்.

ஆனால் எழுத்துள்ள கல் வைக்கக் காசு இருந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்குத் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று வயலில் கிடைத்த கற்கள்தான். இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் பெரிய சேதம் செய்கிறார்கள். புல் வெட்டும் மிஷினுக்கு இடைஞ்சல் என்று அந்தக் கற்களைப் பொறுக்கி வேலியோரம் குவித்துவிடுவார்கள். ஒரு காலை நேரத்தில் ஒரு வரிசை மனிதர்கள் காணாமல் போய்விடுவார்கள். லேசாகப் பள்ளம் விழுந்த தரையையும் மேடு தட்டிச் சமமாக்கிவிடுவார்கள்; உள்ளே பெட்டி மக்கி மண் இறங்கியதால் வந்த பள்ளம் அது, கல்லே இல்லாத கல்லறைக்கு அது ஒன்றுதான் அடையாளம். நிலத்தை ஊடுருவும் ரேடார் வைத்துத் தேடலாமே என்பார்கள். தேடலாம், ஆனால் அது பெரும்பாலும் மண் கலைந்த இடத்தைத்தான் காட்டும், பெயரைக் காட்டாது.

சரி, பதிவேடு எப்படி? இரண்டு அசையாத புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுவரின் இரண்டு மூலைகள் மாதிரி. மரம் வேண்டாம், மரம் விழும். ஒவ்வொரு கல்லறைக்கும் அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் டேப் பிடித்துத் தூரத்தை எழுதினால், நாளைக்குக் கல்லே போனாலும் இடம் போகாது. மங்கிய எழுத்தில் மாவும் சாக்பீஸும் தேய்க்காதீர்கள். ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் சாய்வாக விழ வைத்தால், படிக்கவே முடியாது என்று விட்ட எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். அதைப் படம் எடுத்து, எழுதி, இரண்டு பிரதி இரண்டு வீட்டில் வையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கழுவலாம். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், கல்லை நன்றாக நனைத்துவிட்டுக் கீழிருந்து மேலாக. ப்ளீச் கூடவே கூடாது, அதன் உப்பு கல்லின் துளைகளுக்குள் தங்கிப் படிகமாகி உள்ளிருந்து உடைக்கும். உடைந்த பழைய கல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டுவதும் அப்படித்தான், கல்லைவிடச் சிமென்ட் கெட்டி, அடுத்த விரிசல் கல்லில்தான் விழும். பிரஷ் கட்டரைக் கல்லின் அடியில் கொண்டுபோகாமல் கையால் புல்லை எடுங்கள். உதிராத, அசையாத கல்லில் கல்பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பணமும் ஆளும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 1917-இல் தொடங்கியது. பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் பெயர் என்பது அதன் கொள்கை. அந்த ஆணையமே அமைத்த குழு 2021-இல் தந்த அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த விதத்திலும் நினைவுகூரப்படவில்லை. உரிய நேரத்தில் எழுதத் தகுதியானவர்கள் என்று அவர்களை நினைக்காததுதான் காரணம். வயல்கல்லை வேலியோரம் வீசும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

பதிவேடு எழுதத் தொடங்கியபோது ஒரு பாட்டியைக் கைபிடித்துக் கூட்டிப்போனோம். மூலையில் மூன்று மொட்டைக் கற்கள். முதல் இரண்டுக்கும் யோசிக்காமல் பெயர் சொன்னார். மூன்றாவதின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். பெயர் வரவில்லை. "தையல்காரர் தங்கச்சி, நல்லா சிரிப்பா" என்றார். அதை அப்படியே மூன்றாவது வரியில் எழுதி, இரண்டு மூலையிலிருந்தும் தூரத்தைக் குறித்துக்கொண்டோம்.