பாரதி செய்துகொள்ளாத பரிசோதனை

விஜய் தொலைக்காட்சியில் 2019 முதல் 2023 வரை ஒளிபரப்பான ‘பாரதி கண்ணம்மா’ தொடரின் கதையை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பாரதி ஒரு மருத்துவர். அவனை அடைய விரும்பும் தோழி வெண்பாவும் மருத்துவர்தான். அவனால் தந்தையாக முடியாது என்று அவள் பொய்யாக நம்பவைக்கிறாள். மனைவி கண்ணம்மா கருவுற்றதும் அவன் அவளுடைய நடத்தையைச் சந்தேகிக்கிறான். அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறக்கின்றன. ஒருத்தி தாயிடமும், மற்றொருத்தி அவள் தன் சொந்த மகள் என்பதையே அறியாத அவனிடமும் வளர்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து மரபணுச் சோதனை உண்மையைச் சொல்கிறது.

தொடர் முடிந்து நெடுநாளாகியும் இந்தக் கதை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த காட்சியை ஊரே கேலிப் படங்களாக்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. ஒரு மருத்துவன், தன் உடலைப் பற்றித் தனக்குச் சொல்லப்பட்ட செய்தியை, இன்னொரு ஆய்வகத்தில் ஒரே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளாமல் மனைவியைத் தண்டிக்க எப்படித் துணிந்தான்?

விந்துப் பரிசோதனை அரிய பரிசோதனை அன்று. நடுத்தரமான ஊர்களின் ஆய்வகங்களிலேயே செய்கிறார்கள். ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள்கள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை வந்த முடிவை வைத்து மருத்துவர்கள் எதையும் இறுதியாகச் சொல்வதில்லை. குறைபாடு தெரிந்தால் இடைவெளி விட்டு மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும் என்பதும், இடையில் வந்த ஒரு கடுமையான காய்ச்சல்கூட எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும் என்பதும் அதற்குக் காரணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பதைக் கீழ் எல்லை அளவாகத் தருகிறது. அந்த அளவுக்குக் கீழே இருந்தால் கருத்தரிப்பதற்கான வாய்ப்பு குறையலாம் என்றுதான் பொருளே தவிர, குழந்தையே பிறக்காது என்பது பொருளல்ல. அந்த அளவுக்குக் கீழே உள்ள பலர் இயல்பாகவே தந்தையாகியிருக்கிறார்கள். ஆகவே மனைவி கருவுற்ற செய்தி வந்த நாளில், மருத்துவம் படித்த கணவன் முதலில் சந்தேகித்திருக்க வேண்டியது தன் கையில் இருந்த அறிக்கையைத்தான்.

இந்தச் செய்திகளை ஐந்து நிமிடக் காட்சி ஒன்றில் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும் என்பதாலேயே சொல்லப்படவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர்கள் தொடரை எடுத்தவர்கள் அல்லர்.

குழந்தைப்பேறு தள்ளிப்போகும் நம் வீடுகளில் முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுபவள் மனைவிதான். என் உறவு வட்டத்தில் ஒரு பெண் ஹார்மோன் ஊசிகளைப் போட்டுக்கொண்டு, கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வலி மிகுந்த சோதனையையும் முடித்து, வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபி வரை போன பிறகே அவளுடைய கணவன் ஒரு மாதிரியைக் கொடுக்கச் சம்மதித்தான். அவன் கெட்டவன் அல்லன். தன்னிடமும் குறை இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்கவே அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கருத்தரிப்புச் சிக்கல் உள்ள தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் உடல்நிலையும் காரணத்தில் பங்கு வகிக்கிறது என்பது மகப்பேறு மருத்துவத்தில் அடிப்படைப் பாடம். உலக அளவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெரிவித்தது. இத்தனை பேரைத் தொடும் ஒரு செய்தியைப் பற்றி, இரவு உணவு நேரத்தில் குடும்பத்தோடு பார்க்கப்படும் ஒரு தொடர் பல ஆண்டுகள் பேசியும், அதிலிருந்து ஒரு சரியான தகவல்கூட வீட்டுக்குள் வரவில்லை.

தொலைக்காட்சியால் இதைப் பேச முடியாது, நம் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு, அதே விஜய் தொலைக்காட்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் நடத்திய ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். மருத்துவர் ஷர்மிளாவும் அவரும் அமர்ந்து, நேயர்களின் பாலியல் ஐயங்களுக்குக் கொச்சையும் இல்லாமல் கூச்சமும் இல்லாமல் தமிழில் விடை சொன்னார்கள். மாத்ருபூதம் 2004இல் மறைந்தார். அந்த இடத்தை அதற்குப் பிறகு யாரும் சரியாக நிரப்பவில்லை. பின்னிரவு நேரங்களில் பல அலைவரிசைகளில் அதை எடுத்துக்கொண்டவர்கள், இளம் வயதுச் சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று இளைஞர்களைப் பயமுறுத்தி லேகியம் விற்பவர்கள். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் அவை ஓடுகின்றன. முன்னிரவில் தொடர், பின்னிரவில் லேகியம் என்று ஆகிவிட்ட வீட்டில் ஓர் இளைஞன் தன் உடலைப் பற்றி எதைத் தெரிந்துகொள்வான்?

இந்தியாவில் தொடர் நாடகம் என்ற வடிவமே ஒரு சமூக நோக்கத்தோடுதான் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூர்தர்ஷனில் 1984இல் வந்த ‘ஹம் லோக்’, மெக்சிகோவில் மிகேல் சபீதோ குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்தி உருவாக்கிய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துத் திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, அன்றைய கதை எழுப்பிய சிக்கலைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பேசுவார். அந்தத் தொடரிலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தி போகப்போக மங்கிவிட்டது உண்மைதான். ஆனால் கதைக்கு வெளியே வந்து, ‘இதைப் பற்றி யோசியுங்கள்’ என்று சொல்ல ஒருவர் இருந்தார். இன்று ஒரு பாத்திரம் சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வரி ஓட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மருத்துவப் பாத்திரம் ஒரே அறிக்கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் குழந்தையோடு இருக்கும் மனைவியை ஆண்டுக்கணக்கில் தண்டிக்கும்போது அப்படி எந்த வரியும் வருவதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கதையின் தீர்வுதான். கண்ணம்மா தனியாக உழைத்து, தலைநிமிர்ந்து தன் மகளை வளர்த்ததை நான் மதிக்கிறேன். அந்தப் பாத்திரத்தில் பல பெண்கள் தங்களைக் கண்டார்கள். ஆனால் அவளுடைய நேர்மை இறுதியில் குழந்தைகளின் மரபணுவைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டது. சோதிக்கப்பட்டிருக்க வேண்டியது அவனுடைய உடல். சோதிக்கப்பட்டதோ குழந்தைகளின் பிறப்பு. ஐயம் யாருடையதோ அவரே முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற எளிய பொறுப்பு அவனிடம் ஒரு முறைகூட உறுதியாகக் கேட்கப்படவில்லை.

தொடர் முடிந்த அதே 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி வழக்குகளில் குழந்தையின் தந்தைமையை அறிய மரபணுச் சோதனைக்கு வழக்கம்போல உத்தரவிடக் கூடாது என்று ஒரு தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. பெற்றோரின் சண்டைக்கு நடுவே குழந்தையின் பிறப்பை இழுத்துவந்து நிறுத்துவது அந்தக் குழந்தையின் உரிமையைப் பாதிக்கும் என்பது அதன் உட்பொருள். செல்லுபடியாகும் திருமணத்தின்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தையே என்று சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு 1872 முதல் சொல்லிவந்தது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்கவே வாய்ப்பில்லை என்று காட்டினாலொழிய அதை மறுக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. வெள்ளையர் காலத்துச் சட்டம் குழந்தைக்குக் கொடுத்த பாதுகாப்பைக்கூட நம் தொடர் அந்த இரண்டு சிறுமிகளுக்குக் கொடுக்கவில்லை.

இப்போதும் ஏதேனும் ஒரு தொடரில் குழந்தையின்மைக் கதை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எழுதுகிறவர்களிடம் நான் கதையை நிறுத்தச் சொல்லவில்லை. மாமியார் மருமகளைக் குத்திப் பேசும் காட்சிக்கு அடுத்த காட்சியில், கணவனும் மனைவியும் ஒரே நாளில், ஒரே மருத்துவரிடம் சேர்ந்து போகட்டும். மருத்துவர் கணவனைப் பார்த்து, ‘முதலில் உங்கள் பரிசோதனையை முடித்துவிடலாம், அதுதான் எளிது’ என்று சொல்லட்டும். எழுதும் முன் ஒரு மகப்பேறு மருத்துவரை அழைத்து அரை மணி நேரம் பேசினால் போதும்.