தொற்றுநோய்ச் செயலணிக்கு யார் தலைமை தாங்க வேண்டும்?

2020 மார்ச்சில் கொவிட்-19 பரவலைத் தடுப்பதற்கான தேசிய செயற்பாட்டு மையம் இலங்கையில் அமைக்கப்பட்டு, அதன் தலைமை அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து என் மனதை உறுத்திவரும் ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். தொற்றுநோயை எதிர்கொள்ளும் செயலணிக்குப் பொதுச் சுகாதாரத் துறையினரே தலைமை தாங்க வேண்டும். படையினர் அவர்களுக்குத் துணை நிற்கலாம். அவர்களுக்கு மேலே அமரக் கூடாது.

படையினர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாடுகளிலிருந்து வந்தோருக்கான தனிமைப்படுத்தல் நிலையங்களை அவர்கள் விரைந்து ஆயத்தம் செய்தார்கள். ஆனால், இறுதிப்போர்க் காலக் குற்றச்சாட்டுகளுக்காக அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்கா நுழைவுத் தடை விதித்திருந்த ஒரு தளபதியின் பெயரில் வரும் அறிவித்தலை, பிள்ளையைப் போரில் பறிகொடுத்த வன்னித் தாய் எந்த மனதோடு கேட்பாள் என்பதை நியமித்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பத்தை ஏற்றிச் செல்ல இரவில் இராணுவப் பேருந்து வந்து நின்றபோது, அயல்வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுநாள் காலை, அங்குள்ள பிள்ளைகள் அனைவருக்கும் எப்போது தடுப்பூசி போடப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் படலையடியில் நின்று ஆறுதலாகப் பேசிய பிறகுதான், தங்களுக்கும் காய்ச்சல் என்று இரண்டு வீட்டார் வாய்திறந்தார்கள்.

கொவிட்டால் இறந்தோரின் உடல்களைப் புதைக்க விடாமல் எரித்த கட்டாயத் தகனம் படையினர் எடுத்த முடிவல்ல. நிபுணர் குழுவைக் காட்டிச் சுகாதார அமைச்சே 2020 ஏப்ரல் 11இல் அதற்கான வர்த்தமானியை வெளியிட்டது. எனினும், கேள்விக்கு இடமளிக்காத கட்டளைப் பழக்கம் மருத்துவத்துக்குள்ளும் புகுந்துவிட்டதை நான் அதில்தான் கண்டேன். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்ற ஆதாரமற்ற அச்சம் பத்து மாதங்களுக்கு மேல் சட்டமாக நின்றது. பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றின் ஜனாஸாவும் அந்த டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் முஸ்லிம்கள் இறந்தோருக்குப் போர்த்தும் கபன் துணியின் நினைவாக மக்கள் கட்டிய வெள்ளைத் துணிகள்கூட அகற்றப்பட்டன.

கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நான் அதை வரவேற்கிறேன்; ஆனால் அது போதாது. அடுத்த செயலணியில் தொற்றுநோயியல் நிபுணர்களும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், குடும்பநல உத்தியோகத்தர்களும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பார்கள் என்பதும், நிபுணர் குழுவின் ஒவ்வோர் அறிக்கையும் உறுப்பினர்களின் பெயர்களோடும் ஆதாரங்களோடும் மூன்று மொழிகளிலும் வெளியாகும் என்பதும் இப்போதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.